முழுப்பேர்

கிளங்கன் ஆஸ்பத்திரியில்
கிளினிக் கார்டின் பின்பக்கம்,
எழுதாத பேனையை இரண்டு தரம் உதறி
நர்ஸ் எழுதித் தந்த நம்பர்.
மூன்று மாதம் அது
மழைக்கோட்டுப் பைக்குள் கிடந்தது,
பீடிக்கட்டோடு.
ஏழா ஒன்றா என்று தெரியாதபடி
ஓர் இலக்கம் நனைந்துபோனது.

முதலில் ஏழு போட்டேன்.
பண்டாரவளையில் ஒரு கோழிக்கடை.
பிறகு ஒன்று.
“சொல்லுங்க” என்றது ஒரு குரல்.
எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.
அந்தப் பக்கம் யாரோ ரொட்டி தட்டும் சத்தம்.
அவரும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை,
காசு கரைந்துகொண்டிருந்தது.
“சனிக்கிழமை நாலரைக்கு. ஹட்டன்.
பஸ் ஸ்டாண்டுக்கு மேல, தையல்கடை மாடி.
போர்டு ஒண்ணும் இருக்காது.
படிக்கட்டுல செருப்பப் பாருங்க.”

அந்தச் சனி போனேன்.
செருப்பை எண்ணினேன்.
ஒன்பது சோடி, ஒற்றை ஒன்று.
திரும்பி நடந்தேன்.
எதிரில் தவறணை.
இந்தச் சொல்லை உண்டாக்கியவனுக்குத்
தமிழ் நன்றாகத் தெரிந்திருக்கிறது.
கடைசி பஸ்ஸில் யார் ஏற்றிவிட்டார்கள் என்று
இன்றுவரை தெரியாது.

அடுத்த சனி பனிமூட்டம்.
எதிர்க்கடைகள் தெரியவில்லை,
தவறணையும் தெரியவில்லை.
அதனால்தான் படியேறினேன்.
தைரியம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

உள்ளே பிளாஸ்டிக் கதிரைகள்,
பிளேன்டி, உள்ளங்கையில் சீனி.
டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும்
என் சட்டைதான் குடித்தது.
பூமயில் அக்கா ஒன்றும் கேட்காமல்
அடுத்த டம்ளரைப் பாதிதான் ஊற்றித் தந்தாள்.
அவளுக்குத் தெரிந்திருந்தது.

குணதிலக்க, ரயில்வேக்காரர்,
சிங்களத்தில் சொன்னார்:
மகளின் கலியாணம் முடிந்த மறுநாள்
தான் கண்விழித்த இடத்தை.
ஒருவர் தமிழில் எடுத்துச் சொல்லத் தொடங்கி
பாதியில் விட்டுவிட்டார்.
எல்லாருக்கும் விளங்கியிருந்தது.

குடிக்கிற பொம்பளைக்குத்
தோட்டத்தில் வேற பேர் என்றாள் பூமயில் அக்கா.
அந்தப் பேரைச் சொன்னாள்.
யாரும் சிரிக்கவில்லை.

பிறகு என் முறை.
“பேர் மட்டும் போதும்” என்றார்கள்.

பேர்.
பிரட்டுக்களத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.
வேலை குறைந்தால் அரைப்பேர்.
வாய் நாறினால் பேரே இல்லை, திரும்பிப் போ.
லயத்தில் என்னைக் கூப்பிடுவது ‘கால்போத்தல்’.
என் பையனைக் கால்போத்தல் மகன் என்று
பள்ளிக்கூடம் வரை கொண்டுபோய் விட்டார்கள்.
செக்ரோலில் நான் ஒரு நம்பர்.
அம்மா வைத்த பேரை
அடையாள அட்டைதான் ஞாபகம் வைத்திருந்தது.

“அழகுமலை” என்றேன்.
அடுத்து, நான் குடிகாரன் என்று சொல்லவேண்டுமாம்.
அது சுலபமாக வந்தது,
ஊரே சொல்லித் தந்த பாடம்.
முதல் சொல்தான் கஷ்டம்.
“வாங்க அழகுமலை” என்றது அறை.
பிரட்டில் யாரும் என் பேரை
இப்படித் திருப்பித் தந்ததில்லை.

“இன்னைக்கு ஒரு நாள் குடிக்காதீங்க.
நாளைய நாளைக்குப் பாப்போம்.”
நாள்கூலிக்காரனுக்கு
இதை விளக்கவேண்டியதில்லை.

இறங்கும்போது ஒற்றைச் செருப்புக்காரர்
என் தோளைப் பிடித்துக்கொண்டார்.
“கால் போனது சீனி வியாதில, தம்பி.
குடியாலன்னுதான் எல்லாரும் நெனைக்கிறாங்க”
என்று சிரித்தார். மூச்சு வாங்கியது.

அந்திக்கு அந்தி யோகமலர்
வாசலில் நிறுத்தி ஊதச் சொல்லுவாள்,
தராசடியில் கொழுந்துக்குத்
தண்ணி கழிக்கிறவன் முகத்தோடு.
நாலாம் வாரம், சம்பள வெள்ளி, விழுந்தேன்.
சனிக்கிழமை போய் அதையும் சொன்னேன்.
கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து.

நேற்று விறகு ஈரம், வீடெல்லாம் புகை.
பருப்பு பொங்கி வழிகிறது,
பையன் எதற்கோ கத்துகிறான்.
அவள் மறந்துவிட்டாள்.
கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றேன்,
ஊதிக்காட்டத் தயாராக.